நாய்க்குட்டிக்குள் இருந்த கேள்விகள்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் ஏலக்காய்ச் சாக்கில் வந்தது. சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அப்பா ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். ஆபீஸுக்குப் புதிது வந்ததும் பழையதை என்ன செய்வது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறதே என்று அப்பாவிடம் தள்ளிவிட்டார். அந்தப் படிக்கிற பிள்ளை நான்தான். ஐந்தாம் வகுப்பு. வழியில் மழை பிடித்துக்கொள்ளுமோ என்று திரையை ஒரு சாக்கிலும் பெட்டியை ஒரு சாக்கிலும் கட்டி, தோட்டத்து ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் அப்பா. வெகு நாள் வரைக்கும், அதன் பின்பக்கத்துக் காற்றாடி சுற்றும்போதெல்லாம் வீட்டில் பாயசம் வைத்த மாதிரி மணக்கும்.

மணத்தைத் தவிர அதில் வேறெதுவும் நன்றாக இல்லை. சுவிட்சைத் தட்டிவிட்டு அம்மா உலை வைத்தால், கஞ்சி வடிக்கிற நேரத்தில்தான் திரையில் படம் வரும். வந்த படத்தில் எதையாவது தொட்டால் மறுபடியும் ஓர் உலை வைக்கலாம். வைரஸ் வேறு. அப்பா இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

துண்டை எடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, மலைக்குக் கீழே போடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து, போடிமெட்டு ஏறி, பூப்பாறையில் மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவின் கறிக்குழம்புக்காகத்தான் வருகிறார் என்று அப்பா சொல்வார். மாமா அதை மறுத்ததில்லை.

"இதுக்கு வயசாயிருச்சு மச்சான்" என்றார் மாமா, பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு. "மெமரி வெறும் நூத்தி இருபத்தெட்டு. பழைய ஜீப்புல லாரி லோடு ஏத்தி வெச்சிருக்காங்க. எடை கம்மியா ஒண்ணு போட்டா ஓடும். லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அப்பா கேள்விப்பட்டதில்லை. நான் கேள்விப்பட்டிருந்தேன். மாமாவைவிட எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் கேரளப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸைத் தவிர வேறொன்றையும் நான் பார்த்ததில்லை. மலைக்குக் கீழே மாமாவின் சென்டரிலோ அதைத் தொடுகிற ஆளே கிடையாது. ஆக, நாற்பது பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற மாமா, அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் என் மாணவராக இருந்தார். நான் கொஞ்சம் கண்டிப்பான ஆசிரியை.

வாரம் ஒரு சிடி வந்தது. லினக்ஸில் இத்தனை வகை இருக்கும் என்று மாமாவுக்கே தெரியாது; எந்த சிநேகிதன் எதைச் சொன்னாலும் அதை சிடியில் ஏற்றி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு மலை ஏறினார். முதலில் எங்கள் பள்ளிக்கூடத்து சிடியையே இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பாதி ஏறிவிட்டு, கொண்டை ஊசி வளைவில் நின்றுபோன லோடு லாரி மாதிரி முனகிக்கொண்டே நின்றது. அடுத்த வாரம் வந்ததில் படமே இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் ஓடின. அது பெரிய பெரிய ஆட்கள் ஓட்டுவது என்றார் மாமா. அப்படியானால் பெரிய ஆட்களே ஓட்டட்டும் என்றாள் அம்மா.

மூன்றாவதாக வந்தது நாய்க்குட்டி. அதன் பெயரே அதுதான், திரையிலும் நாய்க்குட்டிப் படம். சிடியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் படங்களோடு வந்து நின்றது. நின்றதோடு இல்லாமல், ஒலிபெருக்கியில் இரண்டு தடவை குரைத்தது. நிஜமாகவே குரைத்தது. அடுத்த வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்க, அதைக் கேட்டுக் கீழே தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்து நாய்களும் சேர்ந்துகொண்டன. அப்பா சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது.

நாய்க்குட்டியில் எதையும் ஒரு தடவை தட்டினால் போதும், திறந்துகொள்ளும். மாமாவின் விரல் இரண்டு தடவை தட்டியே பழகியது. எல்லாவற்றையும் இரண்டிரண்டாகத் திறந்துவைத்துவிட்டு விழிப்பார்.

"ஒரு தடவதான் மாமா. எத்தன வாட்டி சொல்றது?"

"எங்க சென்டர் பிள்ளைககூட என்னைய இப்படித் திட்டினதில்ல அக்கா."

"உன் சென்டர் பிள்ளைகளுக்கு விவரம் பத்தாது" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் எதையோ மறைத்துவைத்துக் கடைசியில் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். அம்மா அப்போது அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். முன்பு இரண்டு தடவை எழுதிக் கிடைக்கவில்லை. இது மூன்றாவது தடவை. கடைசித் தடவையும் இதுதான், ஏனென்றால் அடுத்த முறைக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். போன தடவை எழுதியது தோட்டம் முழுக்கத் தெரிந்து, குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனபோதெல்லாம் "என்னா, ஆபீஸர் அம்மா" என்று கேலி பேசியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் குழாயடிக்குக் கொண்டுபோனவள் நானாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அப்போது வாய் சும்மா இருக்காது. ஆகவே இந்தத் தடவை அப்பாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது.

பூப்பாறையில் ஒரு டீச்சரிடம் பழைய கேள்வித்தாள்களை இரவல் வாங்கிவந்து, நான் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மா அவற்றை நாய்க்குட்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகம் என்றால் வருகிறவர் போகிறவர் எடுத்துப் புரட்டுவார்கள். கம்ப்யூட்டரை யாரும் தொட மாட்டார்கள். முதல் நாள் மதியம் முழுக்கத் தட்டியது மாலையில் காணாமல் போயிற்று. நாய்க்குட்டி சிடியிலிருந்து ஓடுவது. அணைக்கும்போது, நடந்ததை எல்லாம் வைத்துக்கொள்ளவா வேண்டாமா என்று கேட்கும். அம்மா பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு வந்த மாமா, ஹார்டு டிஸ்க்கில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, எல்லாம் அங்கே போய்ச் சேருகிற மாதிரி செய்துகொடுத்தார். போகிற போக்கில், யாரும் சந்தேகப்படக் கூடாது என்று, கோப்புகளுக்கு என் பெயரையும் வைத்துவிட்டார். வீட்டில் எனக்குப் பாப்பா என்று பெயர். பாப்பா ஒன்று, பாப்பா இரண்டு, பாப்பா மூன்று.

என் பெயர் போட்ட ஒன்றை நான் திறந்து பார்க்காமல் இருப்பேனா?

நாய்க்குட்டிக்குத் தமிழ் தெரியாது. அம்மா தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேரளத்தின் மிக நீளமான ஆறு எது? ரத்தம் உறைய உதவும் வைட்டமின் எது? கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் எவை? பக்கம் பக்கமாகக் கேள்விகள். பாதிக்கு மேல் எனக்கு விடை தெரியாதவை. எல்லாவற்றுக்கும் மேலே என் பெயர். இதையெல்லாம் என்னிடம் கேட்கப்போகிறார்களோ என்று பயந்தேன்.

அதோடு விட்டிருந்தால் பயம் தெளிந்திருக்கும். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே அம்மாவும் மாமாவும் பூண்டு உரித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டுவிட்டேன்.

"இந்தத் தடவ பாஸாகலைன்னா அவ்வளவுதான்டா. அப்புறம் வயசு தாண்டிரும்."

"ஆயிரும்க்கா. அதான் கேள்வியெல்லாம் ஏத்தி வெச்சிருக்கோம்ல."

"பாப்பாகிட்ட மட்டும் வாயத் திறந்துராத. பரீட்சை முடியட்டும்."

என் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி அந்த ஆண்டுதான் போடியில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். போவதற்கு முன்னால் அங்கே அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பொது அறிவுக் கேள்விகள். அவள் அழுதுகொண்டே ஜீப்பில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? என்னையும் ஹாஸ்டலுக்கு அனுப்பப் போகிறார்கள். எனக்குத் தெரியாமல் பரீட்சைக்கு ஏற்பாடு நடக்கிறது. பாஸானால் ஹாஸ்டல். பாஸாகாவிட்டால், அம்மா சொன்ன மாதிரி, அவ்வளவுதான். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. அவள் காதுபட எதையாவது மெதுவாகப் பேசிவிட்டு, அரைகுறையாகக் கேட்டதை வைத்து உள்ளே என்ன கட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பேன். அளவுக்கு மீறிப் பயப்படுகிறாய் என்கிறார் என் கணவர். இருக்கலாம்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நாய்க்குட்டி போக வேண்டும்.

காரணம் கையிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐடி மேளா வந்துகொண்டிருந்தது, நான் கம்ப்யூட்டரில் படம் வரைகிற போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நாய்க்குட்டியில் படம் வரைய வரவில்லை, பள்ளிக்கூடத்தில் இருப்பது மாதிரி வேண்டும் என்று மாமாவை நச்சரித்தேன். பாதி உண்மைதான். அடுத்த ஞாயிறு ஒரு சிட்டுக்குருவி வந்தது. அது திரையில் வண்ணம் வண்ணமாகக் கோடு போட்டுவிட்டு உறைந்துபோயிற்று. அதற்கடுத்த ஞாயிறு எலி வந்தது. எலிப்படம் போட்ட லினக்ஸ். அதோடு மாமா தன் சென்டரில் கழித்துப் போட்ட ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு மெமரித் துண்டையும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அதைச் செருகியதும் எலி ஓடியது. அதில் தமிழ் எழுத்தும் இருந்தது, படம் வரையவும் வந்தது.

"நாயே இருக்கட்டுமேடா. காவலுக்கு ஆச்சு" என்றாள் அம்மா.

"நாயும் இருக்கும்க்கா. எலிய ஒரு ஓரமா ஹார்டு டிஸ்க்குலயே போட்ருவோம். ரெண்டும் இருக்கட்டும்."

அப்படியானால் கேள்விகளும் இருக்கும். மாமா ஆரம்பித்துவைத்துவிட்டு, சோறு ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டதும், "எதையும் தொடாத பாப்பா, இந்தா வந்துர்றேன்" என்று எழுந்து போனார். திரையில் ஒரு கேள்வி நின்றது. இருப்பதை அப்படியே விட்டுப் பக்கத்தில் இடம் பிடிக்கவா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளவா? ஆங்கிலத்தில்தான் கேட்டது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் சார் இதே கேள்விக்குப் பதில் சொல்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது, போன மாதம்தான், என் கணவரின் பழைய லேப்டாப்பில் ஓர் எடை குறைந்த லினக்ஸ் போட்டேன். அதே கேள்வி வந்தது. அழிக்க அதில் ஒன்றுமே இல்லை, தெரியும். இருந்தும் ஒரு தடவைக்கு மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் தட்டினேன்.

அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இரண்டாவதைத் தட்டினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக.

கையில் குழம்பு மணக்க மாமா திரும்பி வந்தபோது நீலக் கோடு பாதி தூரம் ஓடியிருந்தது. திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அது இன்னும் மவுஸ் மேல்தான் இருந்தது. பிறகு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எலி ஏறிருச்சா?"

"ஏறிருச்சுக்கா" என்றார் மாமா. பிறகு, "நாய்க்குள்ள இருந்ததெல்லாம் போயிருச்சு" என்றார்.

"போயிருச்சுன்னா?"

"நான்தான்க்கா. தப்பாத் தட்டிட்டேன்."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கேள்வித்தாள்களை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் அதை வேறு யாருக்கோ கொடுத்து, அது ராஜகுமாரிப் பக்கம் போய்விட்டது. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா போட்ட சத்தம்தான். அது மாமாவின் ஏழு பரம்பரையையும் தொட்டுவிட்டுத்தான் நின்றது. அதே பரம்பரைதான் தனக்கும் என்பது பாதியில் நினைவு வந்து, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கிறானாம். சாப்பிட்டுக் கையைக் கழுவத் தெரியல."

மாமா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. என் காரியம் முடிந்ததே என்ற நிம்மதிதான் முதலில் இருந்தது. மாமா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நிம்மதி கொஞ்சம் குறைந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னை எலியின் முன்னால் உட்காரவைத்தாள்.

"நீ தமிழ்ல தட்டுவல்ல? நான் சொல்லச் சொல்லத் தட்டு."

"என்னத்தம்மா?"

"கேள்விதான். பொது அறிவு." யாராவது கேட்டால் பாப்பாவுக்கு என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? போனதாக நான் நினைத்திருந்த பரீட்சை, தமிழில் திரும்பி வந்துவிட்டது. அதை என் கையாலேயே தட்டவும் வேண்டும்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டே, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேள்வியைச் சொல்லி, விடையையும் சொன்னாள். முதல் நாள் முப்பது வந்தது. இரண்டாம் நாள் நாற்பதுக்கு மேல். வர வர அவள் குரலே மாறிக்கொண்டு வந்தது. "பாத்தியா, இதும் இருக்கு" என்பாள். "அட, இதக்கூட விடல." யாரோ தொலைந்த சாமான்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதுபோல் இருந்தது. அப்பா ஆபீஸிலிருந்து வந்து காப்பியைத் தானே போட்டுக்கொண்டு, கதவருகில் நின்று கேட்பார்.

ஒரு நாள் மாலை அம்மாவுக்குத் தடுக்கியது.

"கிழக்கே ஓடுற ஆறு மூணு. கபினி, பவானி. இன்னொண்ணு... நம்ம பக்கத்து ஆறுதான. நாக்கு வரைக்கும் வருது."

"பாம்பாறு" என்றேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சே, பறவைய பத்தி."

"மாநிலப் பறவை. இருவாச்சி. அதுக்கு முன்னாடி ரத்தம் உறையறது. வைட்டமின் கே. அதுக்கும் முன்னாடி—"

நிறுத்திக்கொண்டேன். நாய்க்குட்டியில் இருந்ததை எல்லாம் நான் எத்தனை தடவை பயந்து பயந்து படித்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மா விட்டதை எல்லாம் என்னால் வரிசையாகச் சொல்ல முடிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கூல்ல சொன்னாங்க."

அம்மா என்னையே பார்த்தாள். கீரைக்கட்டை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். மாமாவை அவ்வளவு திட்டியது நினைவு வந்திருக்குமோ என்னவோ, ஒரு மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கேட்டது இவ்வளவுதான்: "அதுக்கும் முன்னாடி என்ன?"

சொன்னேன். தட்டினேன். பத்து நாளில் பாப்பா ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இடையில் நடந்த ஐடி மேளாவில் நான் வரைந்த யானைக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலைப்பட நேரமில்லை. வரப்போகிற பரீட்சைக்கு அத்தனையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் முதல் ஜீப்பில் நெடுங்கண்டம் போனார்கள். கல்யாண வீடு என்று அடுத்த வீட்டு அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற அம்மாவின் பையில் ஏன் இரண்டு பேனா என்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்: ஹாஸ்டல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட. திரும்பி வந்ததும் எனக்குப் பரீட்சை. அத்தை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் முகம் கழுவி, தலை வாரி, வெளுத்த கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. அப்பா தண்ணீர் கொடுத்தார். நான் போய் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நான் ரெடிம்மா."

"எதுக்குடி?"

"கேள்வி கேளும்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தாள். ஆனைமுடி எவ்வளவு உயரம் என்று தொடங்கினாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் விடை சொன்னேன். அடுத்தது. சொன்னேன். வைட்டமின், ஆறு, பறவை, கல்லீரல். ஒவ்வொரு விடைக்கும் அம்மா ஒரு விரலை மடக்கினாள். ஒரு கேள்விக்கு நான் சொன்னதைக் கேட்டு, "நிச்சயமா?" என்றாள்; நிச்சயம் என்றேன்; அந்த விரலையும் மடக்கினாள். இரண்டு கை விரல்களும் தீர்ந்து, அப்பாவின் விரல்களையும் இழுத்து மடக்கத் தொடங்கினாள். அதற்குள் முகத்துக்கு நிறம் வந்துவிட்டது. கடைசியில், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவும் அப்பாவும் சிரித்தார்கள்.

"பாஸாம்மா?"

"பாஸு மாதிரிதான்டி தெரியுது."

அம்மாவின் பரீட்சை முடிவு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அது நல்லபடியாகவே வந்தது. அம்மா இன்றைக்கும் வேலையில் இருக்கிறாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டவை காலையில் அவளுக்கு வந்த கேள்விகள் என்பதும், எழுதிவிட்டு வந்தது சரியா தவறா என்று என் வாயிலிருந்து தெரிந்துகொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. மடங்கிய விரல்களெல்லாம் என் மதிப்பெண்கள் என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு எடுத்துவிட்டோமே, இனி ஹாஸ்டலுக்குத் தப்ப முடியாதே என்று அவளோடு சேர்ந்து நானும் பயந்துகொண்டே சிரித்தேன்.